வீட்டில் கட்டிய கார் ஓடும்... மேட்டில் நிற்குமா? ஹேண்ட் பிரேக்கைக் கடைசியாக யோசிப்பவர்கள் கவனிக்க!

யூடியூபைத் திறந்தால் வாரத்துக்கு ஒரு வீடியோவாவது கண்ணில் படும். காயலான் கடையில் வாங்கிய இரும்புக் குழாய், பழைய பைக்கின் இன்ஜின், மாருதி 800-லிருந்து கழற்றிய ஸ்டீயரிங்... இவற்றை வைத்து யாரோ ஒருவர் வீட்டு வாசலிலேயே சொந்தமாக ஒரு கார் கட்டியிருப்பார். வெல்டிங் பொறி பறக்கும். பெயின்ட் பளபளக்கும். கடைசியில் சமதளத்தில் ஒரு ரவுண்டு அடித்துக் காட்டுவார். லைக்குகள் குவியும்.

ஆனால், அந்த வீடியோக்களில் பெரும்பாலும் ஒரு காட்சி இருக்காது. காரை ஒரு மேட்டில் நிறுத்திவிட்டு, இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்து போகும் காட்சி!

கார் ஓடுவதைக் காட்டிலும், ஆளே இல்லாமல் சரிவில் அசையாமல் நிற்பதுதான் பெரிய சோதனை. அந்தச் சோதனையில் கை கொடுக்க வேண்டியது ஹேண்ட் பிரேக். சொந்தமாகக் கார் கட்டுபவர்கள் பலர் கடைசியாக யோசிக்கும் பாகமும் அதுதான். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது, எப்படிச் சோதிப்பது, சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தருமபுரிக்காரர்களுக்குச் சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

மேடும் பள்ளமுமான மாவட்டம் தருமபுரி. வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகள், அரூர் பக்கம் சித்தேரி மலைப் பாதை, ஒகேனக்கல் செல்லும் வழி என எங்கே போனாலும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், தேசிய நெடுஞ்சாலை 44-ல் இருக்கும் தொப்பூர் கணவாய். பெங்களூருப் பக்கமிருந்து சேலம் நோக்கி வரும் வாகனங்களுக்கு அது நீண்ட இறக்கம்.

2020 டிசம்பர் 12 அன்று அந்த இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்த சிமென்ட் லாரி ஒன்று, 10-க்கும் மேற்பட்ட வாகனங்கள் மீது மோதியது. குறைந்தது 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று இரட்டைப் பாலம் அருகே நடந்த தொடர் மோதலில் வாகனங்கள் தீப்பிடித்து எரிந்தன. அன்றும் 4 உயிர்கள் பறிபோயின. சுமார் 775 கோடி ரூபாயில் உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டம் அறிவிக்கப்படும் அளவுக்கு இந்தக் கணவாய் பயமுறுத்தியிருக்கிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தொப்பூர் போன்ற இறக்கங்களில் கைவிடுவது பெரும்பாலும் கால் பிரேக். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது, கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவது போன்ற காரணங்களால் பிரேக் சூடாகி, பிடிக்கும் சக்தியை இழக்கிறது. ஓடும் வண்டியை நிறுத்துவது கால் பிரேக்கின் வேலை. நின்ற வண்டியை நின்றபடியே வைத்திருப்பது ஹேண்ட் பிரேக்கின் வேலை. இரண்டும் வேறு வேறு. ஆனால், இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான். வண்டியைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும் சரிவு.

கனரக வாகனங்களில் இதற்கு ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. பஸ் ஸ்டாண்டில் டிரைவர் வண்டியை நிறுத்தியதும் 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்குமே... அது பார்க்கிங் பிரேக்கிலிருந்து காற்று வெளியேறும் சத்தம். ஏர் பிரேக் வண்டிகளில் பலமான ஒரு ஸ்பிரிங்தான் பார்க்கிங் பிரேக்கைப் பிடித்து வைக்கிறது. காற்றழுத்தம் அந்த ஸ்பிரிங்கை விலக்கி வைத்தால்தான் வண்டி நகரும். காற்று போய்விட்டால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவு இருந்தும், சரிவில் லாரியை நிறுத்தினால் கிளீனர் கட்டையோடு குதித்து இறங்கி சக்கரத்துக்கு அணை கொடுப்பதை இன்றும் பார்க்கலாம். ஒரு பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது என்பது சாலையில் பழகியவர்களுக்குத் தெரியும்.

2,000 ரூபாய் கார் முதல் பம்ப்செட் வண்டி வரை

சொந்தமாகக் கார் கட்டும் ஆசை நமக்குப் புதிதல்ல. கோவையின் ஜி.டி.நாயுடு, 1952-ல் 2,000 ரூபாய் விலையில் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார் என்றும், அரசு உரிமம் தராததால் அது உற்பத்திக்கு வரவில்லை என்றும் அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன.

இங்கிலாந்தில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1957-ல் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரைப் பாகங்களாகவே விற்றது. முழுக் காருக்கு உண்டான வரி, பாகங்களாக வாங்கினால் கிடையாது. பாகங்களை வாங்கி, வீட்டு கேரேஜில் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 'கிட் கார்' என்பது இதுதான். அங்கே ஒருவர் ஒரே ஒரு கார் கட்டினாலும், அதைத் தனியாகப் பரிசோதித்துச் சாலைக்கு அனுமதிக்கும் முறை இருக்கிறது. அந்தப் பரிசோதனையில் பார்க்கிங் பிரேக்கும் உண்டு.

நம் நாட்டில் 2021 டிசம்பரில் ஒரு வீடியோ வைரலானது. மகாராஷ்டிரா மாநிலம் சாங்லி மாவட்டத்தைச் சேர்ந்த இரும்புப் பட்டறைத் தொழிலாளி ஒருவர், சுமார் 60,000 ரூபாய் செலவில், பைக்கைப் போல உதைத்து ஸ்டார்ட் செய்யும் ஒரு குட்டி ஜீப்பைக் கட்டியிருந்தார். அதைப் பாராட்டிய ஆனந்த் மஹிந்திரா, விதிகளின்படி இந்த வண்டி சாலையில் ஓட முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார். அதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு பொலேரோ தருவதாக அறிவித்தார். 2022 ஜனவரியில் அந்தக் குடும்பத்துக்கு பொலேரோ வந்து சேர்ந்தது.

எல்லாக் கதைகளும் இப்படி இனிப்பாக முடிவதில்லை. வட மாநிலங்களில் பம்ப்செட் இன்ஜினை மர வண்டியில் பூட்டி ஓட்டும் 'ஜுகாட்' வண்டிகள் பிரபலம். அவற்றில் பிரேக் அடிக்கடி கைவிடும். அப்போது வண்டியிலிருந்து ஒருவர் குதித்து, சக்கரத்தின் அடியில் மரக்கட்டையைப் போடுவார். அந்த வண்டிக்கு அதுதான் ஹேண்ட் பிரேக்! ஜுகாட் வண்டிகளும் மோட்டார் வாகனங்களே, மோட்டார் வாகனச் சட்டம் அவற்றுக்கும் பொருந்தும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

'டிரைவர் இல்லாதபோதும்...'

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல், 96-வது விதி பிரேக் பற்றியது. பைக் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மோட்டார் வாகனங்களுக்குக் காலால் இயக்கும் பிரேக், பார்க்கிங் பிரேக் என்று இரண்டு தனித்தனி பிரேக் அமைப்புகள் வேண்டும் என்கிறது அது. இதில் 'தனித்தனி' என்ற வார்த்தைதான் முக்கியம். ஒன்று பழுதானால் இன்னொன்றும் சேர்ந்து போய்விடக் கூடாது.

கார்களின் பிரேக்குக்கான ஐ.நா. விதிமுறை இன்னும் விளக்கமாகப் பேசுகிறது. டிரைவர் வண்டியில் இல்லாதபோதும் பார்க்கிங் பிரேக் வண்டியைச் சரிவில் பிடித்து நிறுத்த வேண்டும். பிடித்த நிலையில் அதைப் பூட்டி வைப்பது முழுக்க மெக்கானிக்கல் அமைப்பாக இருக்க வேண்டும். முழுச் சுமையோடு, 20 சதவிகிதச் சரிவில், ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தினாலும் இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினாலும் நிற்க வேண்டும். லீவரை இழுக்கக் கை கொடுக்கும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 40 கிலோ எடையைத் தூக்கும் அளவு.

20 சதவிகிதச் சரிவு என்றால், 5 மீட்டர் முன்னே போவதற்குள் 1 மீட்டர் மேலே ஏறும் சரிவு. கிட்டத்தட்ட 11 டிகிரி. நெடுஞ்சாலைகளில் இவ்வளவு செங்குத்தான சாலையைப் பார்ப்பது அபூர்வம். ஆனால், மலைக் கிராமத்துத் தெருக்களிலும், உயரமாகக் கட்டிய வீட்டின் வாசல் சாய்தளத்திலும் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

சின்னதாக ஒரு கணக்கு

இரண்டு பேர் உட்கார்ந்த நிலையில் நீங்கள் கட்டிய கார் 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 20 சதவிகிதச் சரிவில் அதைக் கீழே இழுக்கும் விசை சுமார் 137 கிலோ. அதாவது, காரின் பின்னால் கயிறு கட்டி, அதில் 137 கிலோ எடையைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டால் எப்படி இழுக்குமோ, அப்படி!

இந்த இழுப்பு டயரின் வெளி விளிம்பில் விழுகிறது. பிரேக்கோ சக்கரத்துக்கு உள்ளே, சின்ன வட்டத்தில் பிடிக்கிறது. டயரின் ஆரம் 25 சென்டிமீட்டர், பிரேக் டிரம்மின் ஆரம் 9 சென்டிமீட்டர் என்றால், இரண்டு டிரம்களும் சேர்ந்து சுமார் 380 கிலோ அளவுக்கு உராய்வு விசை கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 190 கிலோ.

கையால் இழுப்பது 40 கிலோவுக்குள். தேவை 380 கிலோ. இடைவெளியை நிரப்புவது லீவரின் நீளமும், டிரம்முக்குள் இருக்கும் இன்னொரு குட்டி லீவரும்தான். அதனால்தான் 'இருக்கிற இடத்துக்குப் பொருந்தட்டும்' என்று லீவரை வெட்டிக் குட்டையாக்கினால் ஹேண்ட் பிரேக் பெயரளவுக்குத்தான் இருக்கும். பெரிய டயர் மாட்டினாலும் இதே கதைதான். டயரின் ஆரம் கூடக் கூட, டிரம் இன்னும் அழுத்தமாகப் பிடிக்க வேண்டியிருக்கும்.

எந்த வகை பிரேக் நல்லது?

டிரம் பிரேக்: வீட்டில் கட்டும் காருக்கு இதுதான் சுலபமான வழி. மாருதி 800, ஆம்னி போன்ற கார்களின் பின் சக்கரங்களில் இருப்பது டிரம். கால் பிரேக்கை மிதித்தால் பிரேக் ஆயில் மூலம் வீல் சிலிண்டர் விரிந்து, ஷூக்களைத் தள்ளும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் கேபிள் மூலம் உள்ளே இருக்கும் லீவர் அதே ஷூக்களை விரிக்கும். ஷூ ஒன்று, வழி இரண்டு. ஆயில் முழுக்க ஒழுகிப் போனாலும் கேபிள் வேலை செய்யும். பின் ஆக்ஸிலைக் காயலான் கடையில் வாங்கும்போதே டிரம், ஷூ, லீவர், கேபிள், கைப்பிடி எல்லாவற்றையும் ஒரே காரிலிருந்து ஒரு செட்டாக வாங்குவது புத்திசாலித்தனம்.

டிஸ்க் பிரேக்: பின்னால் டிஸ்க் வேண்டும் என்று ஆசைப்பட்டால், கேபிளாலும் இயங்கும் காலிப்பரைத் தேட வேண்டும். பைக் காலிப்பரிலும் காரின் முன் சக்கரக் காலிப்பரிலும் பொதுவாக அந்த வசதி இருக்காது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். டிஸ்க்கை மாட்டி முடித்த பிறகுதான் ஹேண்ட் பிரேக்குக்கு வழியே இல்லை என்பது தெரியவரும். சில கார்களில் டிஸ்க்கின் நடுப்பகுதிக்குள்ளேயே பார்க்கிங்குக்கு மட்டும் ஒரு குட்டி டிரம் இருக்கும். கிடைத்தால் அது நல்ல தேர்வு.

ஷாஃப்ட் பிரேக்: பழைய வில்லிஸ் ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது. கியர்பாக்ஸை ஒட்டி, பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். பிடி பலமானதுதான். ஆனால், ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் டிஃபரென்ஷியல் வழியாக இன்னொரு சக்கரம் உருள வாய்ப்புண்டு. சரிவில் பஞ்சர் மாற்றும்போது இது ஆபத்து.

ஆயிலைப் பூட்டும் வால்வு: கால் பிரேக்கை மிதித்து, ஒரு வால்வைத் திருகி, ஆயிலின் அழுத்தத்தை அப்படியே பூட்டி வைப்பது. மலிவானது. பொருத்துவதும் எளிது. அதனாலேயே பலரும் இதில் விழுகிறார்கள். பார்க்கிங் பிரேக்காக இதை நம்பவே கூடாது! வால்விலோ சீலிலோ துளி கசிந்தாலும், இரவுக் குளிரில் ஆயில் சுருங்கினாலும் அழுத்தம் குறையும். சாயங்காலம் நின்ற கார், விடியற்காலையில் தானாகக் கிளம்பிவிடும். தவிர, கால் பிரேக்கின் அதே பைப்பை நம்பியிருப்பதால் இது 'தனி அமைப்பு' ஆகாது.

எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்: புதிய கார்களில் பட்டனை அழுத்தினால் மோட்டார் பிரேக்கை இறுக்கும். தொழிற்சாலையில் கம்ப்யூட்டரோடு இணைத்து வடிவமைத்த அமைப்பு அது. வீட்டு வயரிங்கில் முயற்சி செய்யாமல் இருப்பது நல்லது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

* லீவர் இருக்கும் இடம்: சீட் பெல்ட் போட்டபடி கைக்கு எட்ட வேண்டும். மெல்லிய தகரத்தில் போல்ட் போட்டால், இழுக்க இழுக்கத் தகரம் வளைந்துவிடும். சேஸியோடு வெல்டிங் செய்த கனமான பிளேட்டில், தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுகளால் பொருத்த வேண்டும்.

* கேபிளின் வெளி உறை: சைக்கிள் பிரேக் ஒயரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கம்பி, வெளியே உறை. உறையின் இரண்டு முனைகளும் அசையாமல் பிடித்திருந்தால்தான் உள்கம்பியின் இழுப்பு சக்கரத்துக்குப் போய்ச் சேரும். உறை தொளதொளவென்று இருந்தால், லீவரை எவ்வளவு இழுத்தாலும் உறைதான் நெளியும்.

* கேபிளின் நீளம்: நீங்கள் கட்டிய காரின் நீளமும் பாகங்கள் எடுத்த காரின் நீளமும் ஒன்றாக இருக்காது. நீளமான கேபிளை வெட்டி முடிச்சுப் போடுவதும், முனையை வெல்டிங் செய்வதும் வேண்டாம். வெல்டிங் சூட்டில் கம்பி பலமிழந்துவிடும். கேபிள் செய்து தரும் கடையில் அளவு கொடுத்து, முனையை அழுத்திப் பொருத்தி வாங்குங்கள்.

* போகும் பாதை: சைலன்ஸரை ஒட்டிப் போகக் கூடாது. கூர்மையான வளைவு கூடாது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கேபிள் இறுகாத அளவுக்குத் தளர்வு வேண்டும். இல்லையென்றால், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் ஹேண்ட் பிரேக் தானாகப் பிடித்து விடும்.

* இரண்டு பக்கமும் சமம்: லீவரின் இழுப்பை இடது, வலது சக்கரங்களுக்குச் சமமாகப் பிரிக்கும் 'ஈக்வலைசர்' கட்டாயம். தராசுக் கோல் போல அது சுதந்திரமாக ஆட வேண்டும்.

* முதலில் ஷூ, பிறகு கேபிள்: பலரும் செய்யும் தவறு இது. டிரம்முக்குள் ஷூக்கள் தளர்வாக இருக்கும்போதே கேபிளை இறுக்கிச் சமாளிப்பார்கள். கேபிளைத் தளர்த்தி வைத்துவிட்டு, முதலில் ஷூக்களை டிரம்முக்கு அருகில் வரும்படி சரி செய்ய வேண்டும். அதன் பிறகுதான் கேபிள். பொதுவாக 4 முதல் 8 'கிளிக்'குக்குள் பிடித்துவிட வேண்டும். லீவரைக் கீழே இறக்கியதும் சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். லேசாக உரசிக்கொண்டே ஓடினால் டிரம் சூடாகி, கால் பிரேக்கும் கெடும்.

* சின்ன விஷயங்கள்: பின்னுக்கு ஸ்பிளிட் பின், அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு லாக் நட், லீவர் மேலே இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்குக்கு ஒரு சுவிட்ச். மூன்றும் மலிவானவை. மூன்றும் அவசியம்.

வேலை செய்யும்போது முன் சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல், சேஸியைத் தாங்க ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் போங்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். எனவே, டிரம்மில் இருக்கும் தூசியை வாயாலோ, காற்றடித்தோ ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

சோதனை எப்படி?

மலைப் பாதைக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டாம். சமதளத்திலேயே செய்யலாம். மூட்டை எடை போடப் பயன்படும் தொங்கு தராசு ஒன்றைக் காருக்கும் கை வின்ச்சுக்கும் நடுவில் மாட்டுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து மெதுவாக இழுங்கள். 700 கிலோ காருக்கு, தராசு 137 கிலோவைத் தாண்டிய பிறகும் சக்கரம் உருளக் கூடாது. உங்கள் காரின் மொத்த எடையை, ஆட்களையும் சுமையையும் சேர்த்து, 0.196-ஆல் பெருக்கினால் உங்களுக்கான எண் கிடைத்துவிடும். கயிறு செல்லும் பாதையில் யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகள் பக்கத்திலேயே வேண்டாம்.

முன்பக்கம் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை என இரண்டு திசையிலும் இழுத்துப் பாருங்கள். டிரம் பிரேக்கில் சக்கரம் உருளப் பார்க்கும் திசையைப் பொறுத்து ஷூக்களின் பிடி மாறும். ஒரு பக்கம் கெட்டியாக நின்ற கார் மறுபக்கம் நழுவலாம். அதேபோல, சக்கரம் உருளாமல் டயர் தேய்ந்துகொண்டே நகர்ந்தால், பிரேக் பிடிக்கிறது, பின் சக்கரங்களில் எடை போதவில்லை என்று அர்த்தம். இன்ஜின் முன்னால் இருக்கும் காரை, மூக்கு இறக்கத்தைப் பார்க்கும்படி ஜல்லி கொட்டிய சரிவில் நிறுத்தினால் இதுதான் நடக்கும்.

சாலையில் ஓட்டலாமா?

இங்கேதான் ஆசைக்கு ஒரு பிரேக்! மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 39-வது பிரிவுப்படி, பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. பதிவுக்கு முன், 126-வது விதியின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மாதிரி வண்டியைச் சோதித்துச் சான்று பெற வேண்டும். சென்னை அருகே ஒரகடத்தில்கூட அப்படி ஒரு மையம் இருக்கிறது. ஆனால், இந்த ஏற்பாடு வண்டிகளைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களை மனதில் வைத்து உருவானது. ஒரே ஒரு கார் கட்டும் தனி மனிதருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

'பழைய மாருதியின் ஆர்.சி. புக் இருக்கிறதே, அதே நம்பரில் ஓட்டிக்கொள்ளலாமே' என்று சிலர் நினைக்கலாம். 52-வது பிரிவு அதற்கு இடம் தராது. தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அனுமதியின்றி மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

ஆக, வீட்டில் கட்டிய காருக்கு இன்று இருக்கும் இடம் சொந்த நிலமும், தோட்டமும், கல்லூரிப் போட்டி மைதானமும்தான். 'அப்படியென்றால் ஹேண்ட் பிரேக் எதற்கு?' என்று கேட்கத் தோன்றும். தோட்டத்திலும் சரிவு உண்டு. கிணறு உண்டு. நிறுத்திய காரில் ஏறி ஸ்டீயரிங் பிடித்து விளையாடும் குழந்தைகளும் உண்டு. போலீஸ் பார்க்காத இடத்திலும் பூமி இழுக்கத்தானே செய்யும்?

ஷோரூம் கார் வைத்திருப்பவர்களுக்கும்தான்!

ஹேண்ட் பிரேக் எல்லோருடைய காரிலும் இருக்கிறது. மாதக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விடுவதும் எல்லோருடைய வழக்கமும்தான். மலைப் பக்கம் டூர் கிளம்பும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

* சரிவில் நிறுத்தும்போது முதலில் கால் பிரேக், அடுத்து ஹேண்ட் பிரேக். பிறகு காலை மெல்ல எடுத்து, கார் நிற்கிறதா என்று பாருங்கள். நின்ற பிறகு மேனுவல் காரில் கியரைப் போடுங்கள். ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ்.

* ஆட்டோமேட்டிக் காரில் 'பி'யில் போடுவதற்கு முன்பே ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் காரின் மொத்த எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும்.

* இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால், ஸ்டீயரிங்கைச் சாலையின் இடது ஓரம் பார்த்துத் திருப்பி வையுங்கள். உருண்டாலும் ஓரத்தில் முட்டி நிற்கும்.

* பின்னால் டிஸ்க் பிரேக், ஆனால் கையால் இழுக்கும் லீவர் உள்ள காரா? மலை இறங்கிய சூட்டோடு நிறுத்தினால், டிஸ்க் ஆற ஆறச் சுருங்கிப் பிடி தளரும். இன்னும் ஒரு கிளிக் கூடுதலாக இழுத்துவிட்டு, கியரிலும் போட்டுவிட்டுப் போங்கள்.

* லீவர் முன்பைவிட அதிகமாக மேலே வருகிறதா? அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஷூ தேய்ந்திருக்கலாம், கேபிள் இழுத்திருக்கலாம்.

* ஓடும் காரில் ஹேண்ட் பிரேக்கைச் சட்டென்று இழுக்காதீர்கள். பின் சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு கார் சுழன்றுவிடும். கால் பிரேக் கைவிட்டால் முதலில் கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். பிறகு, லீவரின் பட்டனை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தளர்த்துங்கள்.

* சரிவில் நிறுத்திய காரில் குழந்தைகளைத் தனியாக விட்டுவிட்டு இறங்காதீர்கள். டிக்கியில் ஒரு ஜோடி மரக்கட்டை எப்போதும் இருக்கட்டும்.

சொந்தமாகக் கார் கட்டுபவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். இன்ஜினைத் தேர்ந்தெடுத்து, சேஸிக்கு முதல் குழாயை வெட்டும் அன்றே, லீவர் எங்கே வரும், கேபிள் எந்த வழியாகப் போகும் என்பதையும் சாக்பீஸால் தரையில் வரைந்துவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு இடம் தேடினால், லீவர் குட்டையாகும், கேபிள் வளையும், கடைசியில் ஒரு வால்வோடு சமாளிக்கத் தோன்றும்.

முதல் நாளில் செலவழிக்கும் அந்த அரை மணி நேரம்தான், நீங்கள் அருகில் இல்லாத நேரத்தில் உங்கள் காரைப் பிடித்து வைக்கும்.